சுமை ஏற்றினாலும் இயங்கும் சிறு டிப்பரும் பொக்லைனும்: கேரள எல்லையோர அனுபவங்கள்

செங்கோட்டையிலிருந்து ஓர் உறுப்பினர் எழுதியது

செங்கோட்டையிலிருந்து புளியரை வழியாக ஆரியங்காவுக்கு ஏறும் சாலையில் ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிய டிப்பர் லாரிகள் கேரளத்துக்குள் போய்க்கொண்டே இருக்கும். அந்தச் சாலையோரத் தேநீர்க்கடை ஒன்றில், என் மகன் மேசைமேல் வைத்திருந்த லெகோ டெக்னிக் டிப்பரை (துளையுள்ள பிளாஸ்டிக் துண்டுகளும் பற்சக்கரங்களும் கோத்துக் கட்டும் பொம்மை வண்டி) ஓட்டுநர் ஒருவர் எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, இதுல ஜாக்கி எங்க இருக்கு? கீலைத் திருகித் தூக்குனா லோடு ஏறுமா?" என்று கேட்டார். சிறு வண்டிகளைத் திருத்தி அமைப்பவர்கள் அனைவரும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி அது என்பதால் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

அப்போது அந்த வண்டியின் அமைப்பு மிக எளிமையானது. பக்கவாட்டிலுள்ள குமிழைத் திருகினால் ஒரு வார்ம் கியர், அதாவது திருகாணி போன்ற புரியுள்ள பற்சக்கரம், சுழலும். அது 24 பற்கள் கொண்ட சக்கரத்தை நகர்த்தும். அந்தச் சக்கரத்தின் அச்சே தொட்டியின் கீலாகவும் இருந்தது. வார்ம் கியர் ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால் சக்கரம் ஒரே ஒரு பல்தான், அதாவது 15 பாகைதான், திரும்பும் என்பதால் மூன்று சுற்றில் தொட்டி 45 பாகை எழுந்துவிடும். குமிழை விட்டாலும் தொட்டி கீழே விழாது. வார்ம் கியர் சக்கரத்தைத் திருப்புமே அன்றிச் சக்கரத்தால் வார்ம் கியரைத் திருப்ப இயலாது. வெறும் தொட்டிக்கு இது அழகான ஏற்பாடுதான். ஆனால் தொட்டி நிறையப் பச்சைப்பயறு கொட்டினால், முழுப் பாரமும் நீண்ட நெம்புகோலாக அந்த ஒற்றை அச்சின்மேல் விழுந்து, பிளாஸ்டிக் அச்சு முறுக்கேறுவது கண்ணுக்கே தெரியும்.

உண்மையான டிப்பரில் கீல் பின்னால் இருக்கும். ஜாக்கியோ கீலுக்கு முன்னால் நின்று தொட்டியை அடியிலிருந்து தள்ளும். ஓட்டுநர் சுட்டிக்காட்டியது இந்த வேறுபாட்டைத்தான். நேர்கோட்டில் நீளும் இயக்குதண்டுகளை லெகோ 2008 முதல் தருகிறது என்றாலும், பெரிய வகை சுருங்கிய நிலையிலேயே 11 துளை நீளம் (ஒரு துளை என்பது அடுத்தடுத்த துளைகளுக்கிடையேயான 8 மி.மீ. தூரம்) இருப்பதால் பத்துத் துளை நீளமுள்ள தொட்டிக்கு அடியில் அதை வைக்க வழியில்லை. எனவே வார்ம் கியரையும் 24 பல் சக்கரத்தையும் அப்படியே வைத்துக்கொண்டு, சக்கரத்தின் அச்சைக் கீலிலிருந்து நான்கு துளை முன்னே நகர்த்தி, அதில் மூன்று துளை தூரம் எட்டும் ஒரு கையைப் பொருத்தினேன். தொட்டி இறங்கியிருக்கும்போது அந்தக் கை முன்னோக்கிப் படுத்திருக்கும். குமிழைத் திருகினால் எழுந்து, வழவழப்பான அடித்தகட்டில் வழுக்கிக்கொண்டே தொட்டியைத் தூக்கும்.

கணக்கு இதுதான். பாரத்தின் மையம் கீலிலிருந்து ஐந்து துளை தூரத்தில் இருக்கிறது. கீலையே திருகித் தூக்கினால் பாரத்தைப் போல் ஐந்து மடங்கு முறுக்கு (விசையைத் தூரத்தால் பெருக்கிவரும் திருகுவலு) வேண்டும். புதிய அமைப்பில் கையின் நுனி கீலிலிருந்து ஏழாவது துளையில் தாங்குவதால் நுனிக்கு வருவது பாரத்தில் ஏழில் ஐந்து பங்கு. அதை மூன்றால் பெருக்கினால் சுமார் 2.1 மடங்கு. அதாவது தொடக்க முறுக்கு பாதிக்கும் கீழே வந்துவிடுகிறது. கையின் நீளம் மூன்று துளை, அதன் அச்சு கீலிலிருந்து நான்கு துளை என்ற இந்த விகிதத்தில் தொட்டி அதிகபட்சமாக 48 பாகைக்குச் சற்று மேல் சாயும். கொட்டுவதற்கு அது போதும். குமிழை மூன்று சுற்றுக்குப் பதிலாக ஒன்பது சுற்றுக்கு மேல் திருக வேண்டியிருப்பது குறையாகத் தோன்றலாம். எனக்கு அது நிறைவாகவே இருக்கிறது. நிஜ டிப்பரும் நிதானமாகத்தான் எழுகிறது.

பழைய கட்டைகளை வைத்துக் கட்டுபவர்களுக்கு ஓர் அளவையும் சொல்லிவிடுகிறேன். துளைகளுக்கிடையே 8 மி.மீ. தூரம் இருக்க, கட்டையின் உயரமோ 9.6 மி.மீ. என்பதால் மேலும் கீழும் அடுக்கினால் சக்கரங்களின் பற்கள் சரியாகப் பொருந்தா. இரண்டு துளைக்கட்டைகளுக்கு நடுவே 3.2 மி.மீ. தகடுகள் இரண்டை வைத்தால் துளைக்குத் துளை 16 மி.மீ. வந்துவிடும், வார்ம் கியருக்கும் 24 பல் சக்கரத்துக்கும் வேண்டிய இடைவெளி மிகச்சரியாக அதுவே.

கம்பத்திலிருந்து ஓர் ஆசிரியர் எழுதியது

மழைக்காலத்தில் கம்பத்திலிருந்து குமுளி செல்லும் மலைப்பாதையில் மண் சரிந்தால் அதை அள்ள ஜேசிபியும் பொக்லைனும் வந்து நிற்கும். அப்படி வந்திருந்த ஆபரேட்டர் ஒருவரிடம், அறிவியல் கண்காட்சிக்காக எங்கள் மாணவர்கள் செய்துகொண்டிருந்த பொக்லைனைக் காட்டினோம். கை, அதைத் தாங்கும் பெரிய கையான பூம் எல்லாம் லெகோ துளைச்சட்டங்கள். தூக்குவதற்கு மட்டும் தண்ணீர் நிரப்பிய சிரிஞ்சுகள். காற்றில் இயங்கும் உருளைகளை லெகோ 1984-லேயே கொண்டுவந்தது என்றாலும் அவை எங்கள் பகுதிக் கடைகளில் கிடைப்பதில்லை. சிரிஞ்சு எந்த மருந்துக்கடையிலும் கிடைக்கும். காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது என்பதால் பக்கெட் நிறுத்திய இடத்தில் நிற்பதும் சிரிஞ்சில்தான். 5 மி.லி. சிரிஞ்சை அழுத்தி 10 மி.லி. சிரிஞ்சை நகர்த்தினால் நகரும் தூரம் குறைந்தாலும் வலு கூடும். அடைபட்ட திரவத்தில் தரும் அழுத்தம் எங்கும் சமமாகப் பரவும் என்ற பாஸ்கல் விதியைக் கரும்பலகையில் எழுதிக் காட்டுவதைவிட இதை மாணவரின் கையில் கொடுப்பது மேல் என்பது என் உறுதியான கருத்து. குழாயில் ஒரு குமிழி தங்கினாலும் பக்கெட் நடுங்கும் என்பதால் தண்ணீருக்குள் மூழ்கவைத்தே நிரப்ப வேண்டும்.

அந்த ஆபரேட்டர் மாதிரியைச் சிறிது நேரம் இயக்கிப் பார்த்துவிட்டு, "சார், பக்கெட் முழுசா மடங்கல, அள்ளுன மண்ணு பாதி வழியிலேயே கொட்டிரும்" என்றார். பின்னர் மாணவர்களைப் பாதுகாப்பான தூரத்தில் நிற்கவைத்து, தம் இயந்திரத்தின் பக்கெட்டை மெதுவாக விரித்தும் மடக்கியும் காட்டினார். அங்கே ஜாக்கியின் நுனி நேரடியாகப் பக்கெட்டைத் தொடுவதில்லை. கையின் முனைக்கருகில் ஒரு சிறு இணைப்பு ஆடுகிறது; ஜாக்கி அதைத் தள்ள, அதிலிருந்து இன்னொரு இணைப்பு பக்கெட்டைத் தள்ளுகிறது. நான்கு மூட்டுகள் சேர்ந்த இந்த அமைப்பால்தான் ஜாக்கியின் குறுகிய ஓட்டம் பக்கெட்டின் பெரிய சுழற்சியாக மாறுகிறது. மாணவர்கள் மூன்று துளை மெல்லிய சட்டங்களைக் கையின் இருபுறமும் பொருத்தி அதே அமைப்பைச் செய்தபோது, அதுவரை ஏறத்தாழச் செங்கோண அளவுக்கே திரும்பிய பக்கெட், வாய் மேல்நோக்கும் வரை மடங்கியது. இரு பக்கச் சட்டங்களும் ஒரே நீளமாக இருப்பது முக்கியம். ஒன்று மாறினாலும் பக்கெட் கோணி நிற்கும்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். மாதிரி செய்வதற்கு முன் நிஜ இயந்திரத்தைப் பக்கவாட்டில் நின்று, அது வேலை செய்யும்போது பார்க்க வேண்டும். நின்றுகொண்டிருக்கும் வண்டியின் படம் வடிவத்தைத்தான் தரும். எந்த மூட்டு எதற்காக இருக்கிறது என்பதைத் தராது.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஓர் உறுப்பினர் எழுதியது

மேலே இருவரும் தூக்கும் முறையைச் சொல்லிவிட்டார்கள். நான் கவிழாமல் நிற்பதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். சிறு பொக்லைனின் கையை முழுதும் நீட்டிப் பக்கெட்டில் எதையாவது வைத்தால் வண்டி முன்னால் சாயும். இதற்கு நான் பயன்படுத்துவது பழைய தடித்த ஐந்து ரூபாய் நாணயம். அதன் எடை 9 கிராம், விட்டம் 23 மி.மீ.; மூன்று துளை அகலம் 24 மி.மீ. என்பதால் பின்பகுதியில் அளவெடுத்ததுபோல் உட்காரும்.

எத்தனை நாணயம் என்பதைப் பக்கெட்டுச் சுமைக்கு மட்டும் கணக்கிடலாம். கையின் எடையை வண்டியின் உடல் எடையே ஈடுசெய்துவிடும். என் வண்டியில், மேற்பகுதி சுழலும் மையத்திலிருந்து பக்கெட் 19 துளை தள்ளியும், நாணயம் அந்த மையத்துக்கு 3 துளை பின்னாலும் இருக்கின்றன. சங்கிலித்தடத்தின் முன்விளிம்பு மையத்திலிருந்து 7 துளையில் முடிகிறது. ஆகவே 15 கிராம் சுமை விளிம்பிலிருந்து 12 துளை தூரத்தில் நின்று 180 அளவுக்கு (எடையைத் தூரத்தால் பெருக்கியது) சாய்க்கும். ஒரு நாணயம் 10 துளை தூரத்தில் நின்று 90 அளவுக்கு எதிர்க்கும். இரண்டு நாணயம் போதும் என்று இதைப் பார்த்தால் தோன்றும்.

எங்கள் பக்கத்துக் கல்குவாரியில் பொக்லைன் ஓட்டும் அண்ணன் ஒருவர்தான், தடத்தின் திசையில் அள்ளும்போது இருக்கும் உறுதி குறுக்காகத் திருப்பி அள்ளும்போது இருக்காது என்றும், தாங்கள் எப்போதும் அதை மனத்தில் வைத்தே வண்டியை நிறுத்துவதாகவும் சொன்னார். தடத்தின் நீளத்தைவிட அகலம் குறைவு என்பதே காரணம். என் வண்டியில் பக்கவிளிம்பு மையத்திலிருந்து 4 துளைதான்; அப்போது சுமை 15 துளை தூரத்துக்குப் போய் 225 ஆகிறது, நாணயமோ 7 துளைக்கு வந்து 63 மட்டுமே தருகிறது. ஆகவே நான்கு நாணயங்களை வைத்து, மேற்பகுதியைக் குறுக்காகத் திருப்பிச் சோதித்த பிறகே பின்மூடியைப் பொருத்துகிறேன்.