தண்ணீரே குடிக்காத அப்பாவுக்கு நான்கு கிலோ எப்படி ஏறுகிறது?

வெண்ணாற்றங்கரை:
வணக்கம். அப்பாவுக்கு 61 வயது. நீடாமங்கலம் பக்கம் கிராமம், ஐந்து மா நிலம். சர்க்கரையில் கிட்னி போய், இரண்டு மாதமாக செவ்வாய், வியாழன், சனி தஞ்சாவூருக்கு பஸ் ஏறி டயாலிசிஸ் போய் வருகிறோம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருப்பதால் காசுப் பிரச்சினை இல்லை, தண்ணீர்தான் பிரச்சினை. டிரை வெயிட், அதாவது உடம்பில் கூடுதல் நீர் இல்லாதபோது இருக்க வேண்டிய எடை, 56 கிலோ என்று வைத்திருக்கிறார்கள், செவ்வாய்க்கிழமை ஏறி நின்றால் 60 காட்டுகிறது. சிஸ்டர் எல்லார் முன்னாலும் சத்தம் போடுகிறார், அப்பா தலையைக் குனிந்துகொள்கிறார். மூன்றாவது மணி நேரத்தில் பி.பி. இறங்கி, கெண்டைக்கால் இழுத்து, மனுஷன் கத்திவிடுகிறார். வீட்டுக்கு வந்தால் கட்டிலோடு சரி.

கேட்டால் "சொம்பையே தொடலடா" என்கிறார். அது உண்மைதான், செம்பை ஒளித்து வைத்ததே நான்தான். காலையில் பழைய சோறு, மத்தியானம் சாதம், ராத்திரி இட்லி, அவ்வளவுதான் சாப்பாடு. பழைய சோற்றையும் நிறுத்தச் சொன்னால் என்ன ஆகுமோ என்று பயமாக இருக்கிறது, நாற்பது வருடப் பழக்கம். இதில் மேட்டூர் திறந்து ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது, குறுவை நடவு நடக்கிறது, வயலில் இறங்குகிறேன் என்று வேறு அடம் பிடிக்கிறார். கழுத்தில் டயாலிசிஸ் டியூப் இருக்கிறது, கையில் ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக ரத்தக்குழாய்களை இணைப்பது) போட்டு ஒரு மாதம்தான் ஆகிறது.

செவ்வாய் வியாழன் சனி:
தம்பி, நான் திருவாரூர்க்காரன், ஆறு வருடமாக இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். அப்பா பொய் சொல்லவில்லை. செம்பை ஒளித்து என்ன பயன், தண்ணீர் முழுக்க கும்பாவில் அல்லவா இருக்கிறது! அவர் சாப்பிடும் பழைய சோற்றை வடிகட்டி, நீராகாரத்தை அளந்து பாருங்கள். எனக்கு அது அரை லிட்டருக்கு மேல் வந்தது, அதற்கு மேல் மோர், இரண்டு காபி, ரசம். இதில் எதையும் நாம் "தண்ணி" என்று கணக்கு வைப்பதே இல்லை.

அதைவிடப் பெரியது உப்பு. பழைய சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள என்ன கொடுக்கிறீர்கள்? மோர்மிளகாயா, நார்த்தங்காயா, கருவாடா? கிட்டத்தட்ட 8 கிராம் உப்பு உள்ளே போனால் உடம்பு ஒரு லிட்டர் தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும், தாகமும் நிற்காது. ஊறுகாயையும் கொடுத்துவிட்டு செம்பையும் பிடுங்கினால் அது கொடுமை. எனக்குப் பொதுவாகச் சொன்ன கணக்கு, முந்தின நாள் போன சிறுநீரோடு அரை லிட்டர். உங்கள் டாக்டரிடம் அப்பாவுக்கு எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளுங்கள். அந்த அளவை காலையிலேயே ஒரு பாட்டிலில் ஊற்றி வையுங்கள். காபி குடித்தால் அதே அளவு பாட்டிலிலிருந்து கீழே கொட்டிவிட வேண்டும். சாயங்காலம் மிச்சம் என்ன என்று கண்ணுக்கே தெரியும்.

ஒரு தடவைக்கு அந்த மெஷின் 120 லிட்டர் சுத்தத் தண்ணீரைக் குடிக்கிறது தெரியுமா? நான் பக்கத்தில் ஒரு டம்ளருக்கு ஏங்கிக்கொண்டு கிடப்பேன். வயிற்றெரிச்சல்தான்.

டயாலிசிஸ் டெக்னீஷியன்:
திட்டுகிற கூட்டத்தில் நானும் ஒருவன், அதனால் ஏன் திட்டுகிறோம் என்று சொல்லிவிடுகிறேன். ரத்தத்திலிருந்து நீரை இழுக்கும்போது திசுவில் இருக்கும் நீர் மெதுவாகத்தான் ரத்தத்துக்குத் திரும்பி வரும். ஒரு கிலோ எடைக்கு மணிக்கு 13 மில்லிக்கு மேல் இழுத்தால் இதயத்துக்கு நல்லதில்லை. 56 கிலோவுக்குக் கணக்குப் போட்டால் 4 மணி நேரத்தில் 3 லிட்டர்கூட வரவில்லை. நீங்கள் நான்கு கிலோவோடு வந்தால் பி.பி. இறங்கத்தான் செய்யும், கால் இழுக்கத்தான் செய்யும். வேகத்தைக் கூட்டுவதற்குப் பதில் நேரத்தை நீட்ட முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். பி.பி. மாத்திரையை டயாலிசிஸ் அன்று காலையில் போடலாமா என்பதையும் கேளுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம். அசதிக்கு ஹீமோகுளோபின் குறைவும் காரணமாக இருக்கலாம்.

உப்பைக் குறைக்கச் சொன்னதும் சிலர் கடையில் சோடியம் குறைந்த உப்பு வாங்கி வருகிறார்கள். அதில் பொட்டாசியம், இவர்களுக்கு அது விஷம், இதயமே நின்றுவிடும். இந்துப்பும் உப்புதான், ஏமாறாதீர்கள். சனியிலிருந்து செவ்வாய் வரை இடைவெளி பெரியது, பார்க்க வருகிறவர்கள் இளநீரும் வாழைப்பழமுமாக வருவதும் அந்த ஞாயிற்றுக்கிழமைதான், அவற்றிலும் பொட்டாசியம்தான்.

வயலில் இறங்கவே கூடாது, கழுத்து டியூப் நனைந்தால் நேராக ரத்தத்தில் கிருமி. ஆற்றுக்குளியலும் கிடையாது. டயாலிசிஸ் இல்லாத நாளில் வரப்பில் நிழலாகப் பார்த்து உட்காரட்டும். ஃபிஸ்டுலா கையில் பை தொங்கவிடுவது, டயாலிசிஸ் தவிர வேறு ஊசி, பி.பி. பட்டை எதுவும் வேண்டாம். காலையில் எழுந்ததும் அந்த இடத்தைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், கிர்ரென்ற அதிர்வு நின்றுபோனால் அன்றைக்கே ஓடி வர வேண்டும்.

குடந்தை அக்கா:
என் வீட்டுக்காரருக்கு நான்கு வருடம். தம்பி, முதலில் செம்பை எடுத்து வெளியே வையுங்கள். வீட்டுப் பெரியவரைத் திருடன் மாதிரி நடத்தினால் அவர் திருடித்தான் குடிப்பார், நானும் அந்தத் தப்பைச் செய்தவள். பழைய சோற்றை நிறுத்த வேண்டாம், நன்றாகப் பிழிந்து ஒரு கை சோறு, சின்ன வெங்காயம், உப்பில்லாத மோர் நூறு மில்லி அளந்து ஊற்றுங்கள். முதல் வாரம் முகத்தைச் சுளிப்பார். பொட்டாசியம் குறைய, காயை நறுக்கி ஊறவைத்து, வேகவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டுச் செய்யுங்கள். தாகம் தாங்கவில்லை என்றால் ஒரு ஐஸ் கட்டி வாயில், அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். டயாலிசிஸ் முடிந்ததும் பஸ்ஸுக்கு ஓடாதீர்கள், அரை மணி நேரம் உட்கார வைத்து, நிற்கவைத்து ஒரு தடவை பி.பி. பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். சிஸ்டரிடம் தனியாகப் போய், எடையை மெதுவாகச் சொல்லுங்கள் என்று கேளுங்கள். நான் கேட்டேன், மாறினார்.

வெண்ணாற்றங்கரை:
எல்லோருக்கும் நன்றி. கும்பாவை அளந்தேன், நீராகாரம் மட்டும் 600 மில்லி. தொட்டுக்கொள்ள மோர்மிளகாய், அதுவும் தினமும் நான்கு. இந்த செவ்வாய் 58.5, கால் இழுக்கவில்லை. செம்பு பழைய இடத்துக்கு வந்துவிட்டது. மதகில் முறைத் தண்ணீருக்கு சண்டை போட்ட மனுஷன் இப்போது பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு, ரசக் கரண்டி எத்தனை மில்லி என்று அம்மாவோடு சண்டை போடுகிறார். கரண்டி 60 மில்லிதான், நான் அளந்துவிட்டேன், அவர் 40 என்கிறார்.