புதுப்பிப்பு: கெமிஸ்ட்ரி ஸ்டோர் ரூமில் வெள்ளைப் பொடி, துரு – காரணம் தெரிந்தது

புதுச்சேரியில் எங்கள் கல்லூரி வேதியியல் துறை ஸ்டோர் ரூமில் பாட்டில்கள் மேல் வெள்ளைப் பொடி படிகிறது, இரும்பு அலமாரி துருப்பிடிக்கிறது, உள்ளே போனால் கண் எரிகிறது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பலரும் கடற்காற்று என்றீர்கள். கடலூர் சிப்காட்டில் வேலை பார்க்கும் அண்ணன் சொன்னதுதான் சரி. ஹைட்ரோகுளோரிக் அமிலமும் அம்மோனியா கரைசலும் ஒரே அலமாரியில் இருந்தன. இரண்டின் ஆவியும் சேர்ந்து அம்மோனியம் குளோரைடாகப் படிந்திருக்கிறது. துருவும் பெரும்பாலும் அமில ஆவியின் வேலைதான். அம்மோனியாவை வேறு அறைக்கு மாற்றினோம். அமிலங்கள் இப்போது கீழ்த்தட்டில், பிளாஸ்டிக் டிரேயில். நைட்ரிக் அமிலத்தை அசிட்டோன் (எளிதில் தீப்பிடிக்கும் கரைப்பான்) பக்கமே விடவில்லை; இரண்டும் சேர்ந்தால் ஆபத்து. துடைத்த பிறகு பொடி திரும்பவில்லை. எக்ஸாஸ்ட் ஃபேன் யோசனை மட்டும் இன்னும் ஃபைலில் தூங்குகிறது.

எதிர்பாராத ஒன்று: அலமாரியைக் காலி செய்தபோது பின்னால் ஒரு பழைய டைஎத்தில் ஈதர் பாட்டில், மூடியைச் சுற்றிப் படிகம். நாள்பட்ட ஈதரில் பெராக்சைடு என்ற வெடிக்கக்கூடிய பொருள் உருவாகும். மூடியைத் திருகினாலே வெடிக்கலாம். யாரும் தொடவில்லை. அறையைப் பூட்டிவிட்டு, துறைத் தலைவர் மூலம் அபாயக் கழிவு அகற்றுபவர்களை வரவழைத்தோம். ஈதர் வாங்கினால், திறந்த தேதியைப் பாட்டில் மேலேயே எழுதிவிடுங்கள்.