பணம் வாங்கிக்கொண்டு உயிர் காத்தவரை வீரர் என்று சொல்லலாமா?

கரையோரம் எழுதியது:

வரலாற்று வகுப்பில் ஒரு நிகழ்ச்சியைப் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறேன். 1943 அக்டோபர், ஜெர்மானியப் படையின் பிடியில் இருந்த டென்மார்க். யூதர்களை ஒரே இரவில் வளைத்துப் பிடிக்கத் திட்டம். ஜெர்மன் தூதரகத்திலேயே பணியாற்றிய டுக்விட்ஸ் என்பவர் சேதியைக் கசியவிட்டார். அடுத்த சில வாரங்களில் ஏறத்தாழ 7,200 யூதர்களும், அவர்களைச் சேர்ந்த யூதரல்லாத உறவினர்கள் 700 பேர் வரையிலும் பெரும்பாலும் மீன்பிடிப் படகுகளில் ஸ்வீடன் போய்ச் சேர்ந்தார்கள். பிடிபட்டவர்கள் 500 பேருக்கும் குறைவு. 'சாதாரண மனிதர்களின் வீரம்' என்று கரும்பலகையில் எழுதிவிட்டுத்தான் பாடத்தையே தொடங்குவேன்.

அண்மையில்தான் கூலி விவரம் கண்ணில் பட்டது. தலைக்குச் சராசரியாக 1,000 குரோனர். சிலரிடம் அதைப் போலப் பல மடங்கு. அன்று தொழில் தெரிந்த ஒரு தொழிலாளியின் மாதச் சம்பளம் 500 குரோனரை எட்டாது. உயிருக்கு அஞ்சி ஓடி வந்தவனிடம் இரண்டு மாதச் சம்பளத்தைக் கேட்டிருக்கிறார்கள். வீட்டில் ஐந்து பேர் என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அதை ஆபத்தான வியாபாரம் என்று சொல்லுங்கள், ஏற்றுக்கொள்கிறேன். வீரம் என்ற சொல்லை அந்தப் படகுகளிலிருந்து இறக்கிவிட வேண்டும் என்பது என் கட்சி.

சுக்கான் எழுதியது:

ஆசிரியர் ஐயா, படகைப் பற்றி ஒரு வார்த்தை. மீனவனுக்குப் படகு என்பது வீடும் நிலமும் சேர்ந்தது. பிடிபட்டால் அது போகும், அவனும் சிறைக்குப் போவான். "யூதர்களை ஏற்றிப் போனேன், படகைப் பறித்துக்கொண்டார்கள்" என்று எந்தக் காப்பீட்டாளரிடம் போய் நிற்பது? திரும்பி வரவில்லை என்றால் அந்தக் குளிர்காலத்தில் அவன் பிள்ளைகள் எதைச் சாப்பிடும்?

கூலி எப்போது அதிகமாக இருந்தது என்றும் பாருங்கள். பிடிபட்டால் ஜெர்மானியர் என்ன செய்வார்கள் என்று ஒருவருக்கும் தெரியாத முதல் நாட்களில்தான். உதவிக் குழுக்கள் பொறுப்பை எடுத்துக்கொண்ட பிறகு தொகை இறங்கியது. கையில் காசில்லாதவர்களுக்காக நிதியும் திரட்டினார்கள். கொள்ளையடிக்கும் நோக்கம்தான் என்றால் விலை ஏறியிருக்க வேண்டும், இறங்கியிருக்காது.

திண்ணைவாசி எழுதியது:

போரில் சண்டையிடும் சிப்பாய்க்கும் மாதச் சம்பளம் உண்டு. அவனுக்குப் பதக்கம் கொடுக்கும்போது சம்பளச் சீட்டை யாரும் கேட்பதில்லை.

கரையோரம் எழுதியது:

திண்ணைவாசி, சிப்பாய் தான் காப்பாற்றும் ஆளின் சட்டைப் பையில் கைவிடுவதில்லை. அதுதான் வேறுபாடு.

நான் மட்டும் சொல்வதாக நினைக்க வேண்டாம். யூதர்களைக் காத்த பிற இனத்தவரைச் சிறப்பிக்கும் எருசலேமின் யாத் வஷேம் நிறுவனமே இதைத் தெளிவாக வரையறுத்திருக்கிறது. உதவிக்கு முன்நிபந்தனையாகப் பணமோ பொருளோ கேட்டிருந்தால் அந்தப் பட்டம் கிடையாது. நம் பழந்தமிழிலும் இதற்குச் சொல் உண்டு: அறவிலை வணிகன். அறத்தை விற்றுப் பயன் வாங்குகிறவன்.

சுக்கான் எழுதியது:

அந்தச் சொல் எந்த இடத்தில் வருகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள் ஐயா. 'அறவிலை வணிகன் ஆஅய் அல்லன்' என்று ஆய் என்ற வள்ளலைப் புகழும் புறநானூற்றுப் பாட்டு அது. யானைகளை வாரிக் கொடுத்த ஆய்க்கு வைத்த அளவுகோலை ஒற்றைப் படகு வைத்திருந்தவன் தலையில் வைப்பது என்ன நியாயம்?

மறுகணக்கு எழுதியது:

இரண்டு தரப்பும் ஓர் இடத்தில் வழுக்குகிறது. டென்மார்க்குக்கும் ஸ்வீடனுக்கும் இடைப்பட்ட நீரிணையில் ஜெர்மானியக் கடற்படை அவ்வளவு முனைப்பாகத் தேடவில்லை என்று ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். மிகக் குறுகிய இடத்தில் அக்கரை நாலு கிலோமீட்டர்தான். ஆகவே சுக்கான் சொல்லும் ஆபத்தும் கொஞ்சம் ஊதப்பட்டதே.

பொதுவாகவே போர்க்காலச் 'சாதாரண மனிதர்' கதைகளை நான் ஒரு சிட்டிகை உப்போடுதான் எடுத்துக்கொள்கிறேன். 1940இல் பிரான்ஸின் டன்கர்க்கிலிருந்து பிரிட்டனுக்கு மீட்கப்பட்ட படையினர் 338,226 பேர். கேட்டால் எல்லோரும் சின்னப் படகுகளைத்தான் சொல்வார்கள். உண்மையில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேற்பட்டவர்கள் துறைமுகத்திலிருந்து, பெரும்பாலும் அதன் அலைதடுப்புச் சுவரிலிருந்து, கப்பல்களில் ஏறியவர்கள். சின்னப் படகுகளிலும் பலவற்றை ஓட்டியவர்கள் கடற்படை ஆட்கள்தான். ஆனால் தோற்றுத் திரும்பிய அரசுக்கு மீனவனும் படகோட்டியும் தேவைப்பட்டார்கள். சாதாரண மனிதரின் வீரம் அரசுகளுக்கு மிகவும் பிடிக்கும். செலவில்லாதது அல்லவா!

சுக்கான் எழுதியது:

பலவற்றை என்கிறீர்கள், எல்லாவற்றையும் அல்ல. டைட்டானிக்கில் இரண்டாம் அதிகாரியாக இருந்து பிழைத்த லைட்டோலர், தன் சொந்தப் படகைக் கடற்படையிடம் ஒப்படைக்க மறுத்தார். 66 வயதில் மகனையும் ஓர் இளம் சாரணரையும் துணைக்கு அழைத்துக்கொண்டு தானே ஓட்டிப் போனார். 120க்கும் மேற்பட்டவர்களை அந்தச் சின்னப் படகில் அடைத்துக்கொண்டு திரும்பினார்.

அந்த நாலு கிலோமீட்டரைப் பற்றி: ஜெர்மானியர் முனைப்பாகத் தேடவில்லை என்பது எண்பது ஆண்டு கழித்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் உங்களுக்குத் தெரியும். அக்டோபர் இரண்டாம் தேதி இருட்டில், படகின் அடித்தளத்தில் குழந்தை அழுதுவிடக் கூடாதே என்று நடுங்கிக்கொண்டு நங்கூரத்தைத் தூக்கியவனுக்கு அது தெரியாது. ஆபத்தை அவனுக்குத் தெரிந்த அளவை வைத்துத்தான் அளக்க வேண்டும்.

மறுகணக்கு எழுதியது:

இதை ஒப்புக்கொள்கிறேன். லைட்டோலர் சாதாரண மனிதரா என்பது மட்டும் சந்தேகம். கடலிலேயே ஊறியவர் அவர்.

செவிலி எழுதியது:

நான் மருத்துவமனையில் வேலை செய்கிறவள். காசு வாங்கினார்களா இல்லையா என்று இத்தனை பேர் மல்லுக்கட்டுவது எனக்கு வியப்பாக இருக்கிறது. காசே வாங்காத ஒருவரைச் சொல்கிறேன், அவரை வைத்துப் பேசுங்கள்.

சிபில் கார்த்திகேசு. மலாயாவில் தாதி, மருத்துவச்சி. கணவர் இலங்கைத் தமிழ் மருத்துவர். ஜப்பானிய ஆட்சியில் பேராக் மாநிலத்துப் பாப்பான் என்ற சிற்றூரில் இருந்துகொண்டு, காட்டில் இருந்த போராளிகளுக்கு இரவில் இரகசியமாக மருத்துவம் பார்த்தார். வானொலிப் பெட்டியை ஒளித்து வைத்துப் போர்ச் செய்திகளைக் கேட்டு மற்றவர்களுக்குச் சொன்னார். 1943இல் ஜப்பானிய இராணுவப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. சித்திரவதையில் முதுகெலும்பு சிதைந்தது. வாய் திறக்கவில்லை. கடைசியில் அவருடைய சின்ன மகளைக் கட்டித் தொங்கவிட்டுக் கீழே தீ மூட்டுவோம் என்றார்கள். அப்போதும் சொல்லவில்லை. குழந்தை பிழைத்தது. போர் முடிந்து பிரிட்டன் ஜார்ஜ் பதக்கம் கொடுத்தது. 1948இல் இறந்து போனார்.

ஒரு தாயாக எனக்கு இதைப் படிக்கவே முடியவில்லை. அந்தக் குழந்தையை யார் கேட்டார்கள்? மீனவன் எதிரில் நின்றவனிடம் கூலி கேட்டான், அவனுக்கு மறுக்கவாவது வாய் இருந்தது. இங்கே விலை கேட்கப்பட்டது ஒன்றும் அறியாத பிள்ளையிடம்.

கரையோரம் எழுதியது:

அம்மா, அவர் வாயைத் திறந்திருந்தால் எத்தனை வீட்டுப் பிள்ளைகள் செத்திருக்கும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும் அல்லவா? அவர் மௌனத்தைக் குற்றமாக்குவது சரியில்லை.

செவிலி எழுதியது:

குற்றம் என்று நான் சொல்லவே இல்லை. குற்றம் தீ மூட்ட வந்தவனுடையது. நான் கேட்பது வேறு. போலந்தில் மார்கோவா என்ற ஊர், 1944 மார்ச் 24. யூதர்கள் எட்டுப் பேரை வீட்டில் வைத்திருந்த உல்மா குடும்பத்தைச் சுட்டுக் கொன்றார்கள். கணவன், நிறைமாதமாக இருந்த மனைவி, ஆறு பிள்ளைகள், ஒளிந்திருந்த எட்டுப் பேர். 2023இல் கத்தோலிக்கத் திருச்சபை அந்தக் குடும்பத்துக்கே அருளாளர் பட்டம் கொடுத்தது. ஆறு பிள்ளைகளும் அதில் அடக்கம். பெரியவர்கள் முடிவு எடுத்தார்கள். அந்தப் பிள்ளைகள் என்ன முடிவு எடுத்தார்கள்? அவர்களையும் வீரர் பட்டியலில் சேர்த்துவிட்டால் நம் மனம் ஆறிவிடுகிறது, அவ்வளவுதான்.

திண்ணைவாசி எழுதியது:

இதற்கு என்னிடம் வேடிக்கை எதுவும் இல்லை.

சுக்கான் எழுதியது:

செவிலி அம்மா சொன்னதை இரண்டு நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். விடை கிடைக்கவில்லை. ஆனால் கூலி விஷயத்துக்கு அதில் ஒரு வெளிச்சம் தெரிகிறது. கூலி வாங்கிய மீனவன் தன் பிள்ளைகளின் பங்கைத்தான் கேட்டானோ என்னவோ. நான் திரும்பவில்லை என்றால் இதை வைத்துக் கொஞ்ச நாள் ஓட்டுங்கள் என்று மனைவியிடம் கொடுத்துவிட்டுப் போனவன் ஒருவனாவது இருந்திருப்பான். ஊகம்தான், ஒப்புக்கொள்கிறேன்.

இன்னொன்று. தாய்லாந்தின் காஞ்சனபுரியில் பூன்பொங் என்ற வியாபாரி இருந்தார். பர்மா ரயில் பாதை போட்ட போர்க் கைதிகளின் முகாம்களுக்கு உணவுப் பொருள் கொடுக்க ஜப்பானியரிடமே ஒப்பந்தம் எடுத்தவர். அந்த வியாபாரத்தின் மறைவில்தான் மருந்துகளையும் வானொலி மின்கலங்களையும் கடத்திக் கொடுத்தார். கைதிகளுக்குக் கடனும் கொடுத்தார். கடை இல்லாமல் அவரால் முகாம் வாசலைக்கூட மிதித்திருக்க முடியாது. வியாபாரமும் துணிச்சலும் தனித்தனிப் பெட்டிகளில்தான் இருக்கும் என்று ஏன் முடிவுகட்டுகிறீர்கள்?

கரையோரம் எழுதியது:

பூன்பொங் கடன் கொடுத்தார். மீனவர்கள் முன்பணம் வாங்கினார்கள். இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். போதும் என்ற தொகையோடு நின்றவன் வேறு, எதிராளியின் நடுக்கத்தைப் பார்த்து விலையை ஏற்றியவன் வேறு. பின்னவனை என் வாயால் வீரன் என்று சொல்ல மாட்டேன். முன்னவனைப் பொறுத்தவரை, முதல் பதிவில் அவசரப்பட்டுவிட்டேன்.

அடுத்த முறை வகுப்பில் 'வீரம்' என்ற தலைப்பை எழுதாமல் நிகழ்ச்சியை மட்டும் சொல்லப் போகிறேன், 1,000 குரோனரையும் மறைக்காமல். பெயரை மாணவர்களே வைத்துக்கொள்ளட்டும்.

மறுகணக்கு எழுதியது:

சொல்லுங்கள் ஐயா. அப்படியே கில்லலையே என்ற மீனவ ஊரின் தேவாலயத்தையும் சொல்லுங்கள். படகுக்காகக் காத்து அதன் பரணில் ஒளிந்திருந்தவர்கள் ஏறத்தாழ எண்பது பேர். ஜெர்மானியர் இரவில் வந்து வளைத்துக்கொண்டார்கள். அந்தச் சேதி கடற்கரை முழுக்கப் பரவிய பிறகும் படகுகள் புறப்பட்டுக்கொண்டுதான் இருந்தன. என் நாலு கிலோமீட்டர் வாதத்தை நானே வாபஸ் வாங்கியது அதைப் படித்த பிறகுதான்.

செவிலி எழுதியது:

மாணவர்களில் யாராவது அந்தப் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டால் என்ன பதில் சொன்னீர்கள் என்று இங்கே வந்து எழுதுங்கள். எனக்குத் தெரிய வேண்டும்.