டெண்ட்ரைட்: கிளையிழையா, கொப்பா?

> டெண்ட்ரைட்டுக்கு (நரம்பணு குறிப்புகளை வாங்கும் கிளை) 'கிளையிழை', சினாப்சுக்கு (இரு நரம்பணுக்கள் சந்திக்கும் இடம்) 'நரம்பிணைப்பு', ஷண்டிங் இன்ஹிபிஷனுக்கு 'மடைமாற்றத் தடை' எனக் கொள்ளலாமா?

வணக்கம் ஐயா,

நரம்பிணைப்பு ஏற்கெனவே புழங்குகிறது, அதில் கைவைக்க வேண்டாம். மற்ற இரண்டிலும் எனக்கு உடன்பாடில்லை.

'இழை' என்றதும் ஒரே பருமனுள்ள நூல்தான் கண்முன் வருகிறது. குறிப்பை வெளியே கொண்டுசெல்லும் ஆக்சானுக்கு அது ஒத்துவரும். டெண்ட்ரைட்டோ நரம்பணுவின் உடல் (அணுவுடல்) அருகே தடித்து, கவட்டைக்குக் கவட்டை மெலிந்துகொண்டே போவது. 1889இல் உடற்கூறியலாளர் வில்ஹெல்ம் ஹிஸ் இப்பெயரை மரத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்துதான் எடுத்தார். மரம் என்றால் நமக்கா சொல் பஞ்சம்? கவை, கொம்பு அல்லது கொப்பு, கிளை, சினை, போத்து, குச்சு, இணுக்கு என்று பாவாணர் ஒன்றின் பிரிவாக இன்னொன்றை அடுக்கிக் காட்டியிருக்கிறாரே.

என் பரிந்துரை 'கொப்பு'. கிளை என்றால் வங்கியும் நினைவுக்கு வரும். சினை என்றால் மாட்டு மருத்துவர் வந்து நிற்பார். கொப்பிலிருந்து அடிக்கொப்பு, நுனிக்கொப்பு, கொப்புமுள் (கொப்பின்மேல் துருத்தும் சிறு முனை) எல்லாம் சிக்கலில்லாமல் பிறக்கும். 'கிளையிழைமுள்' என்று வகுப்பில் ஐந்து முறை சொல்லிப் பாருங்கள். சினாப்சுக்குப் பெயர் வைத்த உடலியங்கியலாளர் ஷெரிங்டன்கூட அதற்கு முதலில் 'சின்டெசம்' என்றுதான் வைக்க நினைத்தார். கேம்பிரிட்ஜில் கிரேக்கம் வல்ல வெரால்தான், பெயரடை நன்றாக வரும் என்று 'சினாப்ஸ்' சொல்லிக்கொடுத்தார். 1897இல் அது ஃபாஸ்டரின் உடலியங்கியல் பாடநூலில் ஏறியது.

அடி, நுனி என்ற பிரிப்பு இல்லாமல் இத்துறையில் ஒரு பத்திகூட எழுத முடியாது. நுனிக்கொப்பில் விழும் குறிப்பு (சிக்னல்) அந்த இடத்தில் பெரிதாக எழும், ஏனென்றால் கொப்பு அங்கே மெல்லியது. அணுவுடலுக்கு வந்து சேரும்போது சிறுத்து, அகன்று, தாமதித்திருக்கும். ஆகவே வரிசை முக்கியம். நுனியில் தொடங்கி அடி நோக்கி இணைப்புகள் அடுத்தடுத்து இயங்கினால், முந்தியது வந்து சேரும் வேளையில் பிந்தியதும் எழுந்து ஒன்றின்மேல் ஒன்று ஏறும். அடியில் தொடங்கினால் அந்த உயரம் கிடைக்காது. 1964இல் நரம்பியல் ஆய்வாளர் வில்ஃப்ரிட் ரால் இதைக் கணக்கிட்டே சொல்லிவிட்டார். 2010இல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் எலி மூளைப் புறணியில் ஒற்றைக் கொப்பிலேயே செய்து பார்த்தார்கள். நரம்பணுவுக்குத் திசை தெரிகிறது!

இனி 'மடைமாற்றத் தடை'. இதைப் படிப்பவர் மடைமாற்றத்தையே தடுப்பதாகத்தான் எடுத்துக்கொள்வார். உண்மையில் நடப்பது வரப்பில் நண்டுவளை விழுவது போல. நரம்பணுச் சவ்வில் குளோரைடு வாயில்கள் திறக்கின்றன. மின்னழுத்தம் பெரிதாக மாறுவதில்லை, ஆனால் வந்த மின்னோட்டம் வழியிலேயே ஒழுகிப்போகிறது. வளை மடைக்கும் வயலுக்கும் நடுவே இருந்தால் பயிர் காயும். பக்கத்து வாய்க்காலில் இருந்தால் அவ்வளவு சேதமில்லை. அதே இணைப்பு, அதே வலு, இருக்கும் இடம் மட்டும் வேறு. அதனால் 'மடைமாற்றித் தடுத்தல்' என்று வினையெச்சமாகவே வைப்போம். நீளம்தான், ஆனால் பொருள் பிறழாது. ('நண்டுவளைத் தடுப்பு' என்று எழுத ஆசைதான், நண்டைத் தடுப்பதாகிவிடும்.)

---

> என் பரிந்துரை 'கொப்பு'.

யாழ்ப்பாணத்தில் நாங்கள் மாங்கொப்பு, வேப்பங்கொப்பு என்றுதான் சொல்வோம், எனக்குச் சம்மதம். ஒரு ஐயம் மட்டும். சிறுமூளையின் பர்கின்ஜி நரம்பணுவில் கொப்புகள் எல்லாம் விசிறி மாதிரித் தட்டையாக விரிந்திருக்கின்றன. எலியிலேயே ஓர் அணுவுக்கு லட்சத்துக்கு மேற்பட்ட இணைப்புகள். அந்த மொத்த விரிவுக்கு என்ன பெயர்? 'கொப்புத்தொகுதி' என்றால் அலுவலகச் சுற்றறிக்கை வாசனை அடிக்கிறது.

---

'விரிகொப்பு'? வினைத்தொகை, எக்காலத்துக்கும் ஆகும். அந்த அணுவின் கொப்புகள் பிறந்த பிறகுதான் பெரும்பாலும் விரிகின்றன, அதற்கும் பொருந்துகிறது. நாளை வரை மறுப்பு வராவிட்டால் கலைச்சொல் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.