பக்கத்து சீட்டில் இருந்தவர் என்ன சொன்னார்?

லாஸ்பேட்டை வாசி:

சமீபத்தில் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் ஐந்துக்கு மூன்று, மூன்றரை என்று மார்க் போட்டுவிட்டுப் போய்விடுகிறோம். படம் பார்த்த கதையை யாரும் சொல்வதில்லை. இந்தத் தடவை மார்க் வேண்டாம். யாரோடு உட்கார்ந்து பார்த்தீர்கள், பக்கத்தில் இருந்தவர் என்ன சொன்னார், அதை எழுதுங்கள். நானே ஆரம்பித்து வைக்கிறேன்.

எனக்கு வேலை மஞ்சக்குப்பத்தில், வீடு லாஸ்பேட்டையில். தினமும் கடலூர் - புதுச்சேரி பஸ்தான். தூரம் என்னவோ கொஞ்சம்தான். ஆனால் சாயங்காலத்தில் ஆல்பேட்டையைத் தாண்டுவதற்குள்ளேயே சலித்துவிடும். புதுச்சேரி எல்லை ஆரம்பிக்கிற முள்ளோடையில் பாதி பஸ் இறங்கும் (எதற்கு என்று நம் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை). அரியாங்குப்பத்தில் மறுபடி நிற்கும். எப்படியும் ஒரு மணி நேரம். அதற்குத் தோதாக அரை மணி நேர எபிசோடு உள்ள தொடராகப் பார்த்து வைத்துக்கொள்வேன். அப்படித்தான் ‘அயலி’க்கு வந்தேன். 2023 ஜனவரியில் வந்தது, மொத்தம் 8 எபிசோடு. ஊரே பார்த்து, பேசி, மறந்த பிறகு நான் ஆரம்பித்தேன்.

பார்க்காதவர்களுக்கு ஒரு வரியில்: 1990இல் ஒரு கிராமம், பெண் வயதுக்கு வந்துவிட்டால் பள்ளிக்கூடம் கிடையாது, கல்யாணம்தான். தமிழ்ச்செல்வி என்ற பெண்ணுக்கு டாக்டராக வேண்டும் என்று ஆசை. அதனால் வயதுக்கு வந்ததையே மறைத்துவிடுகிறாள்.

அன்றைக்கு என் பக்கத்தில் ஓர் அம்மா உட்கார்ந்தார். அறுபது வயது இருக்கும். மீன் விற்றுவிட்டுக் காலி அலுமினியக் கூடையோடு ஏறியவர். கூடையை சீட்டுக்கு அடியில் தள்ளும்போதே கண்டக்டர் முனகினார், இவரும் பதிலுக்கு ஒன்று கொடுத்தார். பிறகு என் போனை எட்டிப் பார்க்க ஆரம்பித்தார். முதலில் ஓரக்கண்ணால். சின்ன கங்கணாங்குப்பம் வருவதற்குள் முழுசாகவே திரும்பிவிட்டார்.

“அந்தப் பொண்ணு எதையோ மறைக்குது. என்னா தம்பி அது?”

எனக்குச் சொல்லக் கூச்சம். நாற்பது வயது ஆள், இரண்டு பெண் பிள்ளைகளுக்கு அப்பா, இருந்தும் கூச்சம். ஒரு வழியாக, “வயசுக்கு வந்தத வீட்ல சொல்லலம்மா. சொன்னா படிப்ப நிறுத்திடுவாங்க” என்றேன். இயர்போனில் ஒன்றைக் கழற்றிக் கொடுத்தேன். பழைய மாடல், ஒயர் உள்ளது. அதை முந்தானையில் ஒரு தடவை துடைத்துவிட்டுக் காதில் வைத்துக்கொண்டார். ரெட்டிச்சாவடி தாண்டும்வரை பேச்சே இல்லை. தமிழ்ச்செல்வியின் அம்மா பேசும் இடங்களில் மட்டும் “க்கும்” என்று ஒரு சத்தம்.

முள்ளோடையில் பஸ் காலியானபோது மெதுவாகச் சொன்னார்: “எட்டாவதோட என்னையும் நிறுத்திட்டாங்க தம்பி. இப்படி மறைக்கலாம்னு எனக்குத் தோணவே இல்லையே.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தவளக்குப்பத்தில் இயர்போன் காதில் இருக்கவே எழுந்துவிட்டார். போனும் கூடவே கிளம்பியது. நான் பிடிக்க, அவர் கழற்ற, கண்டக்டர் விசில் ஊத, கூடை வேறு சீட்டில் மாட்டிக்கொண்டது. படியில் நின்று திரும்பிக் கேட்டார்: “கடசில அது டாக்டராச்சா?”

“இன்னும் அங்க வரலம்மா!” என்று கத்தினேன். பஸ் கிளம்பிவிட்டது.

பிறகு மீதியையும் பார்த்து முடித்தேன். கடைசிப் பகுதிகளில் கொஞ்சம் பிரசங்கம் கூடிவிட்டது, அம்மாவாக வரும் அனுமோள் பிரமாதம், இப்படி எனக்கும் கருத்துகள் உண்டு. ஆனால் அந்தப் படிக்கட்டுக் கேள்விக்கு முன்னால் என் கருத்து என்னத்துக்கு. பதில் இப்போது எனக்குத் தெரியும். சாயங்கால பஸ்ஸில் அந்த அம்மாவைத்தான் காணவில்லை.

முதுநகர் தம்பி:

அண்ணே, நான் ‘லப்பர் பந்து’ சொல்கிறேன். 2024 செப்டம்பரில் வந்த படம், சென்ற மாதம் டிவியில் மறுபடி பார்த்தபோது அந்த நாள் ஞாபகம் வந்தது.

எங்கள் அப்பா தியேட்டருக்கு வந்து பத்துப் பன்னிரண்டு வருடம் இருக்கும். முழங்கால் வலி ஒரு காரணம், ‘இப்ப எவன் நடிக்கிறான்’ என்பது இன்னொரு காரணம். அவர் விஜயகாந்த் வெறியர். 2006 தேர்தலில் கேப்டன் விருத்தாசலத்தில் நின்றார் அல்லவா, அப்போது வேலைக்கு லீவு போட்டுவிட்டுப் போய் வாரக்கணக்கில் அங்கேயே கிடந்தவர். அந்தத் தேர்தலில் கட்சியில் ஜெயித்தது கேப்டன் ஒருவர்தான். அதை ஏதோ தானே ஜெயித்த மாதிரி இன்றைக்கும் பேசுவார்.

படத்தில் கெத்து என்ற பாத்திரமாக வரும் தினேஷ் மட்டை பிடிக்க வரும்போது விஜயகாந்தின் ‘பொன்மனச் செல்வன்’ படப் பாட்டு போடுவார்கள் என்று நண்பன் சொல்லியிருந்தான். அப்பாவிடம் சொல்லவில்லை. கிரிக்கெட் படம், வாங்க, சும்மா பார்க்கலாம் என்று கடலூரில் ஒரு தியேட்டருக்கு அழைத்துப் போனேன். ஏசி ஓடவில்லை, என் சீட் பின்னால் சாயவும் இல்லை நிமிரவும் இல்லை, நடுவாந்தரமாக நின்றது. அப்பா, “இதுக்குத்தான் நான் வரமாட்டேன்றது” என்று புலம்பிக்கொண்டிருந்தார்.

பாட்டு வந்தது. தியேட்டரில் விசில் பறந்தது. எனக்கு முன்னால் நாலு வரிசையும் எழுந்துவிட்டது. அப்பா எழவில்லை. கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார். மாட்டினார். மறுபடி கழற்றித் துடைத்தார். கேப்டன் போய் அப்போது ஒன்பது மாதம்கூட ஆகவில்லை.

இன்டர்வலில் போண்டா வாங்கிக் கொடுத்தேன். “யாருடா இந்த தினேஷு? தலைவர் மாதிரி நடக்கவே இல்ல. ஆனா தலைவர் மேல பாசம் இருக்குது” என்றார். நான் படித்த விமர்சனம் எதிலும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லவில்லை.

என் பங்குக்கு ஒன்று. எல்லாரும் கிரிக்கெட்டைப் பேசினார்கள், எனக்குப் பிடித்தது ஸ்வாசிகா நடித்த யசோதாதான். புருஷன் விளையாடப் போகிறான் என்று தெரிந்ததும் அவர் முகம் மாறும் பாருங்கள், எங்கள் வீட்டில் அம்மா முகம் அச்சு அசல் அதேதான். டீமுக்கு ஆள் எடுப்பதில் சாதி பார்ப்பதையும் சத்தம் போடாமல் சொல்லியிருந்தார்கள். எங்கள் கிரவுண்டிலும் அது உண்டு. பேர் மட்டும் வேறு வைத்துக்கொள்வோம், “அவன் ஃபார்ம்ல இல்லடா” என்று.

அரியாங்குப்பம் அக்கா:

சினிமா எல்லாம் உங்களுக்கு. நான் சீரியல் ஆள்.

எங்கள் மாமியார் ‘எதிர்நீச்சல்’ பார்க்கும் நேரத்தில் வீட்டில் குழம்பு கொதித்தாலும் அடுப்பை அணைக்க ஆள் கிடையாது. ஆதி குணசேகரனைத் திட்டுவதற்கென்றே உட்காருவார். “நாசமாப் போறவன், இவன் வாயில இடி விழ” என்று அரை மணி நேரமும் அர்ச்சனை நடக்கும். மாமனார் பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றும் தெரியாத மாதிரி பேப்பர் படிப்பார். பாதித் திட்டு தனக்கு என்று அவருக்குத் தெரியும்.

2023 செப்டம்பர் 8ஆம் தேதி, குணசேகரனாக நடித்த மாரிமுத்து இறந்துவிட்டார் என்று செய்தி. அந்த சீரியலுக்கு டப்பிங் பேசிக்கொண்டிருந்தபோதே நெஞ்சு வலி வந்து போய்விட்டார். மாமியார் அன்று சாப்பிடவில்லை. “நான்தான் தினமும் சாபம் விட்டேன்” என்று ஒரே அழுகை. சாமி படத்துக்கு முன்னால் போய், அது குணசேகரனுக்குச் சொன்னது, இவருக்கு இல்லை என்று விளக்கமெல்லாம் கொடுத்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, தொண்டையும் அடைத்தது.

பிறகு அந்த வேஷத்துக்கு வேல ராமமூர்த்தி வந்தார். நல்ல நடிகர், எழுத்தாளர் வேறு. மாமியார் ஒரு வாரம் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்: “இவரத் திட்டறதுக்கு வாய் வரமாட்டேங்குது.” அத்தோடு அவர் சீரியல் பார்ப்பதும் நின்றது. பாவம் மாமனார், இப்போது முழுத் திட்டும் அவருக்கே.

விருத்தாசலத்துக்காரன்:

நான் சிரிக்கிற கதை சொல்லப் போவதில்லை, மன்னிக்கவும்.

புதுச்சேரியில் நாலு பேர் அறை எடுத்துத் தங்கியிருக்கிறோம். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ‘ஜெய் பீம்’ ஓடியது. 2021இல் வந்த படம், எனக்கு மூன்றாவது தடவை. போலீஸ் ஸ்டேஷன் காட்சிகள் வந்தபோது அறைத் தோழன், “ஓவரா காட்டுறாங்கடா, இப்படியெல்லாமா அடிப்பாங்க” என்றான். கெட்டவன் இல்லை, நிஜமாகவே தெரியாமல் கேட்டான்.

முதனை எங்கள் ஊரிலிருந்து ரொம்ப தூரம் இல்லை. 1993இல் அந்த ஊர் ராஜாக்கண்ணு போலீஸ் காவலில் அடிபட்டுச் செத்ததுதான் அந்தக் கதை. படத்தில் இருளர் என்று வைத்திருக்கிறார்கள், உண்மையில் அவர் குறவர் சமூகம். வழக்கை எடுத்து நடத்திய சந்துரு பிற்பாடு உயர் நீதிமன்ற நீதிபதியானார். காவலர்களுக்கு உயர் நீதிமன்றத்தில் தண்டனை உறுதியானது 2006இல். நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே வீட்டில் பெரியவர்கள் தணிந்த குரலில் பேசிக்கொள்கிற பெயர் அது.

இவ்வளவையும் சொன்னேன். அவன் ரிமோட்டை எடுத்து சத்தத்தைக் கூட்டி வைத்தான். வேறொன்றும் சொல்லவில்லை. படம் முடிந்து சாப்பிடப் போனபோது, “உங்க ஊருக்கு ஒரு நாள் வரேன்” என்றான்.

முத்தியால்பேட்டை மச்சான்:

‘மெய்யழகன்’ பற்றி ஒரு பஞ்சாயத்து இருக்கிறது. நானும் என் மச்சினனும் இன்றைக்கு வரைக்கும் தீர்க்காதது.

நான் முதல் நாளே பார்த்தேன், கிட்டத்தட்ட மூன்று மணி நேரம். அவன் அடுத்த வாரம் பார்த்தான். தீபாவளிக்கு வீட்டுக்கு வந்தபோது நான் ஒரு காட்சியைச் சொல்லி உருகிக்கொண்டிருந்தேன். “அப்படி ஒரு சீனே இல்ல மாமா” என்றான். “நீ தூங்கியிருப்ப” என்றேன். “நீங்கதான் கனவு கண்டிருப்பீங்க” என்றான். என் மனைவி தம்பி பக்கம். பிறகுதான் தெரிந்தது, படம் நீளம் என்று பலரும் சொல்லவே, வெளியான சில நாளிலேயே சுமார் 18 நிமிடத்தை வெட்டிவிட்டார்கள். இரண்டு பேரும் வேறு வேறு படத்தைப் பார்த்திருக்கிறோம்!

நீளம்தான், ஒத்துக்கொள்கிறேன். அரவிந்த்சாமியும் கார்த்தியும் விடிய விடியப் பேசுகிறார்கள். ஆனால் ஊரை விட்டுப் போனவன் ஒரு ராத்திரி திரும்பி வந்தால் பேச்சு எப்போது முடிந்திருக்கிறது? அதை வெட்டச் சொன்னவர்கள் சொந்தக்காரன் வீட்டில் ராத்திரி தங்கினதே இல்லை என்று நினைக்கிறேன். மச்சினன் கட்சி வேறு: வெட்டினதுதான் கச்சிதம் என்கிறான். அவன் எங்கள் வீட்டுக்கு வந்தாலும் ஒன்பது மணி பஸ்ஸைப் பிடித்துவிடுகிற ஆள்.

வாணரப்பேட்டை அம்மா:

என் மகளுக்கு ஏழு வயது. லீவில் ‘லைஃப் ஆஃப் பை’ போட்டுக் காட்டினேன், நம் ஊர் வருகிறது பார் என்று. பாண்டிச்சேரியில் மிருகக்காட்சி சாலை வைத்திருக்கும் குடும்பம், அந்த வீட்டுப் பையன் ஒரு புலியோடு நடுக்கடலில் ஓடத்தில் மாட்டிக்கொள்வான். அந்த மிருகக்காட்சி சாலைக்காக நம் தாவரவியல் பூங்காவில்தான் டைரக்டர் ஆங் லீ படம் எடுத்தார். கடலும் ஓடமும் தைவானில் தொட்டி கட்டி எடுத்தது. அதைச் சொன்னால் மகளுக்கு ஏமாற்றமாகிவிடும் என்று சொல்லவில்லை. தப்பாகிவிட்டது. மறுநாள் காலையில் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறாள், புலி பார்க்கப் போகலாமாம்.

அழைத்துப் போனேன். வயதான காவலாளி ஒருவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். இவள் நேராகப் போய், “தாத்தா, புலி எங்க?” என்று கேட்டாள்.

அவர் கொஞ்சமும் யோசிக்கவில்லை. “டைரக்டரோட போயிடுச்சி பாப்பா. லெட்டர்கூடப் போடல.”

பிறகு என்னிடம் போனைக் கேட்டார், அந்தப் படத்தில் தோட்டம் வருகிற இடத்தைப் போடச் சொன்னார். ஷூட்டிங் நடந்தது 2011இல், அந்த வருடம் முடிகிற நேரத்தில்தான் ‘தானே’ புயல் அடித்து ஊர் முழுக்க மரங்கள் சாய்ந்தன. 1826இல் பிரெஞ்சுக்காரர்கள் போட்ட தோட்டம், அதுவும் தப்பவில்லை. படத்தில் மிருகங்கள் ஒன்றொன்றாக வந்தன, என் மகள் கத்திக்கொண்டிருந்தாள். அவர் மிருகங்களைப் பார்க்கவே இல்லை. கண்ணை இடுக்கிக்கொண்டு அதற்குப் பின்னால் தெரிகிற மரங்களை விரலால் தொட்டுக் காட்டினார்.

“இது இருக்குதும்மா. இது போச்சி. இதுவும் போச்சி. இது... கொஞ்சம் நிறுத்து, பின்னால போ... இது பாதி இருக்குது, வா காட்டறேன்.”