சில்வர்ப்ளூல லேயர் பண்ணி பண்ணி அப்டேட்டே நின்னுடுச்சு, சொந்தமா இமேஜ் கட்டிப் பூட் பண்றது சரிப்பட்டு வருமா?

படகுத்துறை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். ஒன்றரை வருஷமா ஃபெடோரா சில்வர்ப்ளூதான் (சிஸ்டம் மொத்தமும் ஒரே இமேஜா வர்ற லினக்ஸ்) ஓட்டிட்டு இருக்கேன், சிஸ்டம் ஃபைல் எதையும் நம்ம கை படாம வச்சிருக்கிறது எனக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு. ஆனா விர்ட்-மேனேஜர் வேணும்னு ஒரு நாள், டாக்கர் வேணும்னு ஒரு நாள், பிரிண்டர் டிரைவர், இசட்ஷெல், வீடியோ கோடெக்னு ஆர்பிஎம்-ஓஎஸ்ட்ரீ இன்ஸ்டால் அடிச்சு அடிச்சு இப்ப எண்ணிப் பாத்தா 19 பேக்கேஜ் லேயர் ஆயிருக்கு, அதாவது அந்த பேஸ் இமேஜ் மேல கூடுதலா ஏத்தினது. ஒவ்வொரு அப்டேட்டுக்கும் அத்தனையையும் திரும்ப முதல்லேந்து கோத்துக் கட்டுது, ஃபேன் சத்தம் பக்கத்து ரூமுக்குக் கேக்குது.

போன வாரம் அதுவும் நின்னுடுச்சு. கோடெக்குக்காக நான் சேத்த ஒரு வெளி ரெப்போல இருக்கிற வெர்ஷனும் பேஸ் இமேஜோட வெர்ஷனும் ஒத்துப்போகல, அந்த ஒரு பேக்கேஜுக்காக மொத்த அப்டேட்டையும் மாட்டேன்னு சொல்லிடுச்சு. 9 நாளா செக்யூரிட்டி அப்டேட் ஒண்ணுகூட வரல, அதுதான் எனக்குப் பயமா இருக்கு.

கன்டெய்னர்ஃபைல் (இமேஜை எப்படிக் கட்டணும்னு சொல்ற ஃபைல்) எழுதி சொந்தமா ஒரு இமேஜ் கட்டி அதையே லேப்டாப்ல பூட் பண்ணலாம்னு படிச்சேன். வேலைக்கு டாக்கர் தினமும் தொடுறவன்தான், ஆனா கன்டெய்னர் எப்படிங்க பூட் ஆகும், அதுல கெர்னலே இருக்காதே? தங்கச்சி லேப்டாப்புக்கும் இதே செட்டப் வேணும், வீட்ல நெட்டு மொபைல் ஹாட்ஸ்பாட்தான். இதையெல்லாம் வச்சுப் பாத்தா இறங்கலாமா, சொல்லுங்க.

கரிசல்காடு எழுதியது:

இறங்குங்க தம்பி, உங்க நிலைமைக்கு இதுதான் மருந்து. நான் ரெண்டு மெஷின்ல இப்படித்தான் ஓட்டுறேன்.

முதல்ல கெர்னல் விஷயம். சாதாரண டாக்கர் இமேஜ்ல கெர்னல் இருக்காது, ஹோஸ்ட்டோட கெர்னலைத்தான் எடுத்துக்கும். நீங்க படிச்சது பூட்சி இமேஜ், பூட்சிங்கிறது கன்டெய்னர் இமேஜை மெஷின்ல பூட் ஆகுற சிஸ்டமா வைக்கிற டூல். அந்த இமேஜ்ல கெர்னலும் உள்ளயே இருக்கு, /யுஎஸ்ஆர்/லிப்/மாட்யூல்ஸ் கீழ வெர்ஷன் பேர் போட்ட டைரக்டரில வச்சிருப்பாங்க, சிஸ்டம்டி, க்னோம் எல்லாமே உள்ளதான். பூட் ஆகும்போது அது கன்டெய்னராவே ஓடாது. கட்டுறதுக்கும் ரெஜிஸ்ட்ரில (இமேஜ் வைக்கிற சர்வர்) வச்சு இறக்குறதுக்கும் மட்டும்தான் கன்டெய்னர் வடிவம். இறங்கினதும் ஓஎஸ்ட்ரீ (சிஸ்டம் வெர்ஷன்களைச் சேத்து வைக்கிற டூல்) அதைப் பிரிச்சு தன்னோட ஸ்டோர்ல வைக்கும், ஒரே ஃபைல் ரெண்டு வெர்ஷன்லயும் இருந்தா டிஸ்க்ல ஒரு தடவைதான் இருக்கும், அப்புறம் பூட் மெனுல புதுசா ஒரு என்ட்ரி போடும், அவ்ளோதான். நீங்க வேலை பாத்துட்டு இருக்கிற சிஸ்டம் அப்படியே இருக்கும், ரீபூட் பண்ணினாத்தான் புதுசுக்குப் போவீங்க.

இப்ப உங்க 9 நாள் கதைக்கு வரேன். லேயர் பண்ணும்போது ரெப்போ மெட்டாடேட்டா இறக்குறது, டிபென்டென்சி சரிபாக்குறது, பேக்கேஜைக் கோக்குறது எல்லாம் உங்க லேப்டாப்ல நடக்குது, அதனால தப்பு நடந்தாலும் உங்க லேப்டாப்லதான் நடக்குது. சொந்த இமேஜ்னா அதே வேலை கிட்ஹப் ஆக்ஷன்ஸ்ல எங்கயோ ஒரு சர்வர்ல நடக்கும். வெர்ஷன் ஒத்துப்போகலன்னா பில்டு சிவப்பாகும், உங்களுக்கு ஒரு மெயில் வரும், லேப்டாப் கடைசியா நல்லா கட்டின இமேஜ்லயே கம்முனு ஓடிட்டு இருக்கும். அந்தக் கோடெக் வரியை ஒரு வாரத்துக்கு கமென்ட் பண்ணி திரும்ப பில்டு விட்டீங்கன்னா செக்யூரிட்டி அப்டேட் அன்னைக்கே வந்துடும். என்னைக் கேட்டா இந்த ஒரு காரணமே போதும்.

எழுதுறது பெரிய வித்தை இல்ல. யுனிவர்சல் ப்ளூ ப்ராஜெக்ட்ல இமேஜ்-டெம்ப்ளேட்னு ஒரு ரெப்போ இருக்கு, அதை வச்சு உங்க பேர்ல ஒண்ணு உண்டாக்கிக்குங்க. கன்டெய்னர்ஃபைல்ல ஃப்ரம் வரில அவங்களோட சில்வர்ப்ளூ-மெயின் போடுங்க, அதுல கோடெக் ஏற்கனவே சேத்திருக்கும், உங்க பாதித் தலைவலி அங்கயே போயிடும். அதுக்குக் கீழ பில்டு ஸ்கிரிப்ட்ல டிஎன்எஃப்5 இன்ஸ்டால்னு உங்க பேக்கேஜ் பேரை வரிசையா எழுதுங்க, சர்வீஸ் வேணும்னா சிஸ்டம்சிடிஎல் எனேபிள். கடைசில பூட்சி கன்டெய்னர் லின்ட் ஓடும், இமேஜ் அமைப்புல தப்பு இருந்தா அங்கயே சொல்லிடும். நான் எப்பவும் புஷ் பண்றதுக்கு முன்னாடி லேப்டாப்லயே பாட்மேன் (டாக்கர் மாதிரி ஒரு டூல்) பில்டு போட்டு, பாட்மேன் ரன்ல உள்ள போய் பேக்கேஜ் வந்திருக்கான்னு ஒரு தடவை பாத்துடுவேன். இமேஜ் பேர்ல பெரிய எழுத்து வந்தா ரெஜிஸ்ட்ரி ஏத்துக்காது, எல்லாமே சின்ன எழுத்தா வைங்க.

ஒரு விஷயம் கட்டாயம். இமேஜ்ல கையெழுத்து போடுற காஸைன்ல சாவி உண்டாக்கும்போது பாஸ்வேர்டு வைக்காதீங்க, பில்டு நடுவுல கேட்டா டைப் பண்ண அங்க ஆள் இல்ல. பிரைவேட் சாவியை ரெப்போ சீக்ரெட்ல போடுங்க, தப்பித்தவறி கமிட் பண்ணிடாதீங்க, வீட்ல ஒரு பென்டிரைவ்லயும் எடுத்து வைங்க. அதே மாதிரி வைஃபை பாஸ்வேர்டு, எஸ்எஸ்எச் சாவி எதையும் இமேஜுக்குள்ள வைக்கவே கூடாது, பப்ளிக் இமேஜ்னா யார் வேணாலும் இறக்கிப் பிரிச்சுப் பாக்கலாம்.

மாறுறதுக்கு முன்னாடி ஆர்பிஎம்-ஓஎஸ்ட்ரீ ரீசெட் கொடுத்து 19 லேயரையும் கழட்டுங்க, அது இருந்தா பூட்சி அப்கிரேடு பண்ண மறுத்துடும். ஓஎஸ்ட்ரீ அட்மின் பின் போட்டு இப்ப இருக்கிறதையும் பூட் மெனுல பத்திரமா நிறுத்திக்குங்க. அப்புறம் பூட்சி ஸ்விட்ச்ல உங்க இமேஜ் விலாசம், ரீபூட். சரியில்லன்னா பூட் மெனுல பழசைத் தேர்ந்தெடுத்து உள்ள வந்துடலாம், /வார் கீழதான் உங்க ஹோமும் இருக்கு, அதை யாரும் தொட மாட்டாங்க.

வேப்பமரத்தடி எழுதியது:

கரிசல் அண்ணன் சொன்னது எல்லாம் சரிதான், ஆனா ஒரு படி முன்னாடியே நிறுத்தி யோசிங்கன்னு சொல்லுவேன். 19ல எத்தனை உண்மையிலயே சிஸ்டத்துல இருந்தாகணும்? இசட்ஷெல், கம்பைலர், எடிட்டர் இதெல்லாம் டிஸ்ட்ரோபாக்ஸ்ல (சிஸ்டத்தைத் தொடாம கன்டெய்னருக்குள்ள ஓட்டுறது) போயிடும், விண்டோ வச்ச ஆப் பெரும்பாலும் ஃப்ளாட்பேக்ல (சிஸ்டத்துல சேராம தனியா இன்ஸ்டால் ஆகுற வடிவம்) கிடைக்கும். பிரிண்டர் டிரைவர், கெர்னல் மாட்யூல், டாக்கர் மாதிரி பின்னணில ஓடுற டீமன், தமிழ் டைப் பண்ற ஐபஸ் எஞ்சின், இதுங்கதான் பேஸ்ல இருக்கணும். நான் இப்படிப் பிரிச்சு 3 லேயரோட நிறுத்திட்டேன், அப்டேட் ஒரு நாளும் தகராறு பண்ணல. ஒரே மெஷின், நாலஞ்சு பேக்கேஜ்னா இமேஜ் கட்டத் தேவையில்லைன்றது என் கருத்து. நீங்க தங்கச்சி மெஷினும் சேத்து ரெண்டுன்னு சொல்றீங்க, அப்ப கணக்கு மாறுது, ஒத்துக்குறேன்.

ஹாட்ஸ்பாட் பத்தி யாரும் சொல்லல. பேஸ் இமேஜ் அடிக்கடி மாறும், தினமும் பில்டு விட்டு தினமும் இறக்கினா டேட்டா தாங்காது. கிட்ஹப்ல ஷெட்யூலை வாரத்துக்கு ஒரு தடவைன்னு மாத்துங்க. இமேஜ் துண்டு துண்டாத்தான் இறங்கும், மாறாத துண்டு திரும்ப இறங்காது, மாறினது மட்டும்தான் வரும். இன்னொண்ணு, பப்ளிக் ரெப்போல 60 நாள் எந்த நடமாட்டமும் இல்லன்னா ஷெட்யூல் பண்ணின வொர்க்ஃப்ளோவை கிட்ஹப் தானா நிறுத்திடும், பில்டு சிவப்பும் ஆகாது மெஷினுக்கு அப்டேட்டும் வராது, அதனால மாசத்துக்கு ஒரு தடவையாவது எட்டிப் பாருங்க.

படகுத்துறை எழுதியது:

ரெண்டு பேருக்கும் நன்றிங்க. மரத்தடி அண்ணன் சொன்ன மாதிரி உக்காந்து பிரிச்சேன், 19 இப்ப 7 ஆயிடுச்சு, மத்ததெல்லாம் டிஸ்ட்ரோபாக்ஸ்க்கும் ஃப்ளாட்பேக்குக்கும் போயிடுச்சு. ஆனா பில்டு நிக்குது. ஒரு பிரவுசரை ஆர்பிஎம்மா போட்டேன், அது /ஆப்ட் கீழ போய் உக்காரும் போல, டவுன்லோடு எல்லாம் முடிஞ்சு கடைசில சிபிஐஓ, எம்கேடிர் ஃபெயில்டுன்னு சொல்லி மொத்தமா விழுந்துடுச்சு, நாலு தடவை விட்டுப் பாத்தேன், அதே இடம். அதைக் கழட்டிட்டு லேப்டாப்ல டெஸ்ட் பண்ணினா இமேஜ் பூட் ஆகுது, ஆனா டாக்கர் குரூப்பே இல்லன்னு சொல்லுது, இமேஜுக்குள்ள போய்ப் பாத்தா குரூப் இருக்கு, மெஷின்ல இல்ல. இது எப்படிங்க?

நூல்கண்டு எழுதியது:

இந்த ரெண்டுலயும் நானும் சிக்கி ஒரு சனி ஞாயிறு முழுக்கப் போச்சு, அதனால கொஞ்சம் நிதானமா சொல்றேன்.

சில்வர்ப்ளூல /ஆப்ட்னு இருக்கிறது நிஜ டைரக்டரி இல்ல, /வார்/ஆப்ட்டைக் காட்டுற சிம்லிங்க், வேற இடத்துக்குக் கை காட்டுற குறுக்குவழி. பில்டு நேரத்துல அந்தப் பக்கம் எதுவும் இருக்காது, ஆர்பிஎம் அங்க டைரக்டரி உண்டாக்கப் போய் முட்டிக்குது. கன்டெய்னர்ஃபைல்ல இன்ஸ்டாலுக்கு முன்னாடி ஒரு ரன் வரில அந்த லிங்க்கை அழிச்சுட்டு /ஆப்ட்னு நிஜ டைரக்டரி உண்டாக்குங்க, டெம்ப்ளேட்லயே இந்த வரி கமென்ட்டா இருக்கும், பாருங்க. அதுக்கப்புறம் /ஆப்ட்டும் இமேஜோட பாகம் ஆயிடும், மெஷின்ல நீங்களா அங்க எதுவும் எழுத முடியாது, அது நல்லதுதான். பேக்கேஜை /வார் பக்கம் தள்ளி வச்சுக் கட்டலாம்னு யாராவது சொன்னா கேக்காதீங்க. /வார்ல இருக்கிறது முதல் இன்ஸ்டால் அன்னைக்கு மட்டும்தான் காப்பி ஆகும், அப்புறம் இமேஜ்ல என்ன மாறினாலும் மெஷினுக்கு வரவே வராது.

டாக்கர் குரூப் கதையும் கிட்டத்தட்ட இதே ஜாதிதான், அது /எட்சில, அதாவது செட்டிங் ஃபைல் எல்லாம் இருக்கிற இடத்துல நடக்குது. அப்டேட் ஆகும்போது பழைய இமேஜோட /எட்சி, புது இமேஜோட /எட்சி, உங்க மெஷின்ல இருக்கிற /எட்சி மூணையும் வச்சு ஒப்பிடுவாங்க. நீங்க கை வச்ச ஃபைல் எதுவோ அதுல உங்களோடதுதான் ஜெயிக்கும், ஃபைலுக்குள்ள வரி வரியா சேக்குற வேலை கிடையாது. உங்க பேர்ல யூசர் உண்டாக்கின அன்னைக்கே /எட்சி/குரூப் மாறிடுச்சு இல்லையா, அதனால இமேஜ்ல டாக்கர் குரூப் வரி வந்தாலும் மெஷினோட பழைய ஃபைல்தான் நிக்கும். சரியான வழி, /யுஎஸ்ஆர்/லிப்/சிஸ்யூசர்ஸ்.டி கீழ டாக்கர் குரூப்புக்கு ஒரே வரில ஒரு ஃபைல் போடுங்க, பூட் ஆகும்போது சிஸ்டம்டி பாத்துட்டு குரூப் இல்லன்னா உண்டாக்கிடும். எந்தெந்த ஃபைல் இப்படி உங்க பக்கம் மாறிக் கிடக்குன்னு தெரிய ஓஎஸ்ட்ரீ அட்மின் கான்ஃபிக்-டிஃப் அடிங்க. எனக்கு அதுல வந்த நீளத்தைப் பாத்தப்பதான் எத்தனை ஃபைல்ல கை வச்சிருக்கேன்னே தெரிஞ்சுது, அப்பலேந்து செட்டிங் எதுவா இருந்தாலும் முடிஞ்சவரைக்கும் /யுஎஸ்ஆர் கீழயே வைக்கிறேன்.

உதாரணத்துக்கு தமிழ் கீபோர்டு. ஐபஸ்-எம்17என் பேக்கேஜை இமேஜ்ல சேத்துட்டு, /யுஎஸ்ஆர்/ஷேர் கீழ க்னோம் ஸ்கீமா டைரக்டரில டீஃபால்ட் செட்டிங்கை மாத்துற ஒரு ஓவர்ரைடு ஃபைல் போட்டு, இன்புட் சோர்ஸ்ல இங்கிலீஷும் தமிழ்99ம் எழுதி, பில்டுலயே க்ளிப்-கம்பைல்-ஸ்கீமாஸ் ஓட்டிடுங்க. கீபோர்டு செட்டிங்கைத் தொடாத யூசர் யார் உள்ள வந்தாலும் தமிழ் ரெடியா இருக்கும். ஏற்கனவே செட்டிங் மாத்தி வச்சிருக்கிறவங்களுக்கு அவங்களோடதே நிக்கும்.

கரிசல்காடு எழுதியது:

நூல்கண்டு சொன்னதுல ஒரு வரி சேக்குறேன், சிஸ்யூசர்ஸ் குரூப்பை உண்டாக்கும், உங்களை அதுக்குள்ள சேக்காது. யூசர்மாட் போட்டு உங்க பேரை ஒரு தடவை சேத்துக்குங்க.

படகுத்துறை எழுதியது:

வந்துடுச்சுங்க! /ஆப்ட் வரி போட்டதும் பில்டு பச்சை. டாக்கர் குரூப்பும் வந்துடுச்சு. ஞாயித்துக்கிழமை காலைல தங்கச்சி லேப்டாப்பையும் மாத்தினேன், அவ சில்வர்ப்ளூலதான் இருந்தா, பூட்சி ஸ்விட்ச் ஒண்ணுதான், இறங்கிட்டு இருக்கும்போதே அவ காலேஜ் ப்ராஜெக்ட் டைப் பண்ணிட்டு இருந்தா. ரீபூட் ஆனதும் சூப்பரும் ஸ்பேஸும் சேத்து அழுத்தினா தமிழ்99. முதல்ல டைப் பண்ணினது அவ பேரைத்தான்.

வொர்க்ஃப்ளோ சனிக்கிழமை ராத்திரிக்கு வச்சிருக்கேன். அவ மெஷின்ல பிரிண்டர் இன்னும் டெஸ்ட் பண்ணல, பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது பாத்துட்டு இங்கயே எழுதுறேன்.