மூக்கொழுகல் நின்றது ஊசியாலா, மாத்திரையாலா?

கொடிவேரியான்:
விடிந்தால் தும்மலும் தண்ணீராய் ஒழுகும் மூக்குமாகப் பல ஆண்டுகள் துன்பப்பட்ட எனக்கு, ஈரோட்டில் ஓர் அக்குபங்சர் மருத்துவரிடம் போனபின் விடிவு கிடைத்திருக்கிறது. மூக்கின் இரு புறமும் யிங்சியாங், புருவங்களுக்கு நடுவே யின்டாங், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே ஹெகு, முழங்காலுக்குக் கீழே சூசான்லி ஆகிய புள்ளிகளில் ஊசி வைத்தார். கூடவே சீன மாத்திரையும் கொடுத்தார். முழுக்க மூலிகை, சுத்த சைவம், பக்கவிளைவே கிடையாது. மாத்திரை போட்ட இரவெல்லாம் அடித்துப் போட்டாற்போல் தூக்கம் வந்தது. உடம்பு தேறுகிறது என்பதை அதிலிருந்தே தெரிந்துகொண்டேன். இத்தனை காலம் ஆங்கில மருத்துவம் என் பணத்தைத்தான் கரைத்தது. சங்ககிரியில் லாரி ஓட்டும் என் மைத்துனருக்கும் அதே மாத்திரையை வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

ஆழியாறு மருந்தாளுநர்:
அண்ணா, உங்கள் மூக்கு நின்றதில் எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் ‘முழுக்க மூலிகை’ என்று நீங்கள் எழுதியதை அப்படியே விட்டுவிட முடியவில்லை. அடித்துப் போட்டாற்போல் தூக்கம் வந்தது என்று படித்தவுடன், மருந்துக் கடையில் நிற்கும் எவருக்கும் முதலில் நினைவுக்கு வருவது குளோர்பெனிரமின். சளிக்கும் அரிப்புக்கும் நம் ஊரில் நெடுங்காலமாகக் கொடுக்கப்படும் ஒவ்வாமை மருந்து அது. ஒவ்வாமையின்போது உடம்பில் சுரந்து மூக்கை ஒழுகவைக்கும் ஹிஸ்டமின் என்ற பொருளைத் தடுப்பதால் ஒழுகல் குறைகிறது. மூளைக்குள்ளும் புகுந்து அதே வேலையைச் செய்வதால் தூக்கம் வருகிறது. சீனாவில் மூக்கு அழற்சிக்கு விற்கப்படும் ‘பி யான் காங்’ என்ற மாத்திரையில் மூலிகைகளோடு குளோர்பெனிரமினும் சேர்க்கப்பட்டிருக்கிறது. அங்கே அதை யாரும் மறைப்பதில்லை, உட்பொருள் பட்டியலிலேயே போட்டிருக்கிறார்கள். அதே பட்டியலில் பன்றிப் பித்தத் தூளும் இருக்கிறது. உங்களுக்குக் கொடுத்ததும் அதுதான் என்று நான் சொல்லவில்லை. உங்கள் மாத்திரையின் அட்டையில் என்ன எழுதியிருந்தது என்று மட்டும் கேட்கிறேன்.

அவிநாசி அம்மணி:
ஒரு மனிதர் நிம்மதியாகத் தூங்கியதைக்கூடக் குற்றமாக்கும் அளவுக்கு உங்களுக்கு அக்குபங்சர் மீது வெறுப்பு. மூக்கடைத்து, வாயால் மூச்சுவிட்டு, இரவெல்லாம் புரண்டுகொண்டிருந்தவருக்கு மூக்கு திறந்தால் தூக்கம் வராதா? இதை விளக்கக் குளோர்பெனிரமின் எதற்கு? ஊசியைப் பற்றி நீங்கள் ஒரு வரியும் எழுதவில்லை. ஜெர்மனியில் மகரந்த ஒவ்வாமை உள்ள 422 பேரை வைத்து நடந்த ஆய்வு 2013-இல் வெளியானது. முறையான புள்ளிகளில் ஊசி வைக்கப்பட்டவர்கள், வேறிடங்களில் பெயருக்கு ஊசி வைக்கப்பட்டவர்களைவிட அதிகம் தேறினார்கள் என்று அதில் இருக்கிறது. அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர்களின் 2015 வழிகாட்டுதலும், மருந்தில்லாச் சிகிச்சையை விரும்பும் ஒவ்வாமை நோயாளிக்கு அக்குபங்சரைச் சொல்லலாம் என்கிறது. இவற்றைப் படித்துவிட்டு வந்து பேசுங்கள்.

ஆழியாறு மருந்தாளுநர்:
படித்துவிட்டுத்தான் பேசுகிறேன், அம்மணி. அந்த ஜெர்மானிய ஆய்வில் 8 வாரங்களில் 12 முறை ஊசி வைத்தார்கள். 8 வாரம் முடிந்தபோது இருந்த முன்னேற்றம் அளவில் சிறியது. 16-ஆம் வாரத்தில் பார்த்தபோது குழுக்களுக்கு இடையே வேறுபாடு இல்லை. அதைவிட முக்கியமான ஒன்றை நீங்கள் சொல்லாமல் விட்டீர்கள். தேவைப்பட்டால் போட்டுக்கொள்ள எல்லாக் குழுக்களுக்கும் செட்டிரிசின் என்ற ஒவ்வாமை மாத்திரை கொடுத்திருந்தார்கள், யார் எவ்வளவு போட்டார்கள் என்பதையும் கணக்கு வைத்தார்கள். மாத்திரையின் பெயர் தெரிந்ததால்தான் ஊசியின் பங்கு எவ்வளவு, மாத்திரையின் பங்கு எவ்வளவு என்று அவர்களால் பிரித்துப் பார்க்க முடிந்தது. கொடிவேரி அண்ணா விஷயத்தில் அந்தப் பெயரே தெரியவில்லை. நீங்கள் காட்டிய 2015 வழிகாட்டுதல் மூலிகை மருந்துகளுக்கு எந்தப் பரிந்துரையும் தரவில்லை என்பதையும் சேர்த்தே எழுதியிருக்க வேண்டும். ஊசி நல்லதா கெட்டதா என்று நான் கேட்கவே இல்லை. அந்தத் தூக்கம் எங்கிருந்து வந்தது என்றுதான் கேட்கிறேன்.

கொடிவேரியான்:
அட்டை எதுவும் கிடையாது. வெள்ளை டப்பாவில் போட்டு, காலை ஒன்று, இரவு இரண்டு என்று கையால் எழுதிக் கொடுத்தார். கைராசியான மனிதர். அவரிடம் போய் அட்டை எங்கே, சீட்டு எங்கே என்று விசாரணை நடத்த எனக்கு மனம் வரவில்லை. உங்கள் எரிச்சலின் காரணம் எனக்குத் தெரியும். ஊசியால் மூக்கு நின்றுவிட்டால் உங்கள் கடையில் மூக்குக்குள் அடிக்கும் ஸ்பிரே விற்காது. நீரிழிவுக்காரர்களுக்கு நாட்டுச்சர்க்கரை கெடுதல் செய்யாது என்று நான் எழுதியபோதும் இப்படித்தான் வந்து எல்லோர் முன்னிலும் என்னை அவமானப்படுத்தினீர்கள். அதை நான் மறக்கவில்லை.

ஆழியாறு மருந்தாளுநர்:
நாட்டுச்சர்க்கரையும் இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும் என்று அன்று சொன்னேன். இன்றும் அதையேதான் சொல்வேன். என் வியாபாரத்தைப் பற்றிச் சொன்னீர்கள். மூக்கடைப்புக்குப் போடும் ஆக்சிமெட்டசோலின் சொட்டு மருந்தை நாள்கணக்கில் தொடர்ந்தால் அடைப்பு முன்னைவிட மோசமாகும் என்று சொல்லி, மறுபடி மறுபடி கேட்டு வருபவர்களைக் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் திருப்பி அனுப்புகிறவன் நான். ஸ்டீராய்டு ஸ்பிரே வேறு வகை. மருத்துவர் சொன்னபடி தினமும் அடித்தால் நாள்பட்ட ஒவ்வாமை மூக்கொழுகலுக்கு இன்று முதலில் சொல்லப்படும் மருந்துகளில் அதுவும் ஒன்று.

பெயரில்லாத டப்பா என்று நீங்களே சொன்னபின் என் கவலை கூடியிருக்கிறது. சீன மூக்கு மருந்துகளில் அடிக்கடி சேர்க்கப்படும் சாங் அர் ஸி என்பது மருளூமத்தையின் காய். பக்குவம் தவறினாலும் அளவு மிஞ்சினாலும் ஈரலைக் கெடுக்கும். சீ சின் என்ற வேர் சேரும் மருந்துகளும் உண்டு. அந்தச் செடியில் இருக்கும் அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியது. பெல்ஜியத்தில் உடல் மெலிவதற்காகச் சீன மூலிகை சாப்பிட்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் செயலிழந்தது 1993-இல் வெளியே வந்தது. ஒரு மூலிகைக்குப் பதிலாக அதே அமிலம் கொண்ட வேறொன்று கலந்ததே காரணம். கையெழுத்து ஒட்டிய டப்பாவை நம்பி எதையும் விழுங்கக்கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

பேரூர்ச் சித்தன்:
இருவரும் சீனத்தையும் ஜெர்மனியையும் கட்டிக்கொண்டு அழுகிறீர்கள். நீர்ப்பீனிசம் என்று சித்த மருத்துவம் இந்த நோயைத் தனியே வகுத்து வைத்திருக்கிறது. நொச்சி இலை போட்டு ஆவி பிடிப்பதும், நீர்க்கோவை மாத்திரையை உரைத்து நெற்றியில் பற்றுப் போடுவதும் நம் வீடுகளில் நேற்று வரை இருந்தவை. பழனியில் நவபாஷாணச் சிலை செய்த போகர் சீனம் சென்று வந்தவர் என்பது நம் மரபு. அங்கே கொடுத்தவர்கள் நாம். அவர்களிடம் போய் மூக்கைக் காட்டி நிற்பது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அவிநாசி அம்மணி:
போகரே சீனர்தான் என்று சொல்லும் கதையும் அதே மரபில் உண்டு, ஐயா. பெருமை பேசுவதற்கு வேறு இடம் பாருங்கள்.

பேரூர்ச் சித்தன்:
போகரைச் சீனர் என்று சொல்லும் உரிமையை உங்களுக்கு யார் கொடுத்தார்கள்? சொன்னதைத் திரும்பப் பெற வேண்டும்.

ஆழியாறு மருந்தாளுநர்:
போகர் எந்த நாட்டவராக இருந்தாலும் வெள்ளை டப்பாவுக்குள் என்ன இருக்கிறது என்பது மாறப்போவதில்லை. தூக்கத்துக்குப் பதில் சொல்லுங்கள்.

சென்னிமலைத் தறிக்காரர்:
ஒரு செய்தியைக் கேட்க வேண்டும். சிகிச்சை எந்த மாதத்தில் நடந்தது? பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடிக்காற்று அடிக்கும் நாள்களில் எங்கள் தறிக்கூடத்தில் பாதிப் பேருக்கு மூக்கு ஒழுகும். பஞ்சுத் தூசியும் புழுதியும் சேர்ந்துகொள்ளும். புரட்டாசியில் காற்று தணிந்ததும் எந்த ஊசியும் மாத்திரையும் இல்லாமல் நின்றுவிடும்.

கொடிவேரியான்:
ஆடிக் கடைசியில் ஆரம்பித்தேன், புரட்டாசியில் நின்றது. ஆனால் எங்கள் ஊரில் நெல் வயல்தான், பஞ்சாலை கிடையாது. உங்கள் தறித் தூசியை என் மூக்கில் கொண்டுவந்து கொட்ட வேண்டாம்.

சென்னிமலைத் தறிக்காரர்:
நெல் வயல் வரப்பிலும் பார்த்தீனியம் பூக்கிறது, அண்ணா. வீட்டு மெத்தையிலும் கண்ணுக்குத் தெரியாத தூசிப் பூச்சி இருக்கிறது. காற்றை யாருமே கணக்கில் எடுக்கவில்லை என்பதற்காகக் கேட்டேன். கேட்டதற்கு இந்த மரியாதை போதும்.

அவிநாசி அம்மணி:
மருந்தாளுநர் ஐயாவுக்கு ஒரு கேள்வி. நீங்களே முன்னால் கொண்டுவந்து நிறுத்திய பி யான் காங் மாத்திரையில் மா ஹுவாங் என்ற மூலிகை இருக்கிறது. மா ஹுவாங்கில் இருப்பது எபெட்ரின். எபெட்ரின் நெஞ்சைப் படபடக்கவைக்கும், தூக்கத்தைக் கெடுக்கும். தூக்கத்தைக் கெடுக்கும் சரக்கு உள்ள மாத்திரை அண்ணாவை எப்படித் தூங்கவைத்தது? உங்கள் வாதம் உங்கள் கையாலேயே உடைந்துவிட்டது.

ஆழியாறு மருந்தாளுநர்:
உடையவில்லை. தூக்கம் தரும் ஒன்றையும் விழிக்கவைக்கும் ஒன்றையும் ஒரே சளி மாத்திரையில் சேர்ப்பது உலகம் முழுவதும் உள்ள வழக்கம். எது மேலோங்கும் என்பது அளவையும் ஆளையும் பொறுத்தது. மேலும் மா ஹுவாங் இருக்குமானால் இரத்த அழுத்தக்காரருக்கு அது இன்னொரு ஆபத்து. எபெட்ரின் கலந்த துணை உணவுகளை அமெரிக்கா 2004-இல் தடை செய்ததற்குக் காரணமே இதயத்துக்கு நேர்ந்த கேடுகள்தான். ஆக, நீங்கள் கேட்ட கேள்வி, டப்பாவைச் சோதிக்க வேண்டும் என்ற என் கோரிக்கைக்கே வலு சேர்க்கிறது.

நான் ஏன் இந்தத் தூக்கத்தை விடமாட்டேன் என்கிறேன் என்று எல்லோரும் கேட்கிறீர்கள். முதல் பதிவின் கடைசி வரியை யாரும் படிக்கவில்லையா? அந்த மாத்திரை இப்போது ஒரு லாரி ஓட்டுநரிடம் இருக்கிறது. சங்ககிரி, நாமக்கல், திருச்செங்கோடு என்று நம் பக்கத்தில் எத்தனை குடும்பங்கள் லாரியை நம்பி வாழ்கின்றன என்பது உங்களுக்குத் தெரியும். வீட்டில் படுத்திருப்பவருக்கு வந்த தூக்கம் உங்களுக்கு நல்ல அறிகுறியாகத் தெரிகிறது; தொப்பூர்க் கணவாயில் பாரத்தோடு இறங்குபவருக்கு அதே தூக்கம் வந்தால் அவர் உயிரும் எதிரே வருபவர் உயிரும் போகும்.

கொடிவேரியான்:
அவர் இரவில்தான் போடுகிறார், பகலில்தான் ஓட்டுகிறார். எங்கள் வீட்டுப் பிள்ளையின் உயிரைப் பற்றி எங்களுக்கு இல்லாத அக்கறை உங்களுக்கு வேண்டாம்.

ஆழியாறு மருந்தாளுநர்:
இரவில் இரண்டு, காலையில் ஒன்று என்று நீங்கள்தான் எழுதினீர்கள். குளோர்பெனிரமினாக இருந்தால் இரவில் போட்டதே மறுநாள் பகல் வரை உடம்பில் தங்கும். அதன்மேல் காலையில் ஒன்றும் போட்டுவிட்டு வண்டியை எடுக்கிறார். டப்பாவை என்னிடம் கொடுக்க மனமில்லை என்றால் அரசு மருத்துவமனை மருத்துவரிடமாவது காட்டுங்கள். அதுவரை அவர் அதைப் போடவேண்டாம்.

அவிநாசி அம்மணி:
‘இருந்தால்’, ‘இருக்குமானால்’ என்பவற்றைத் தவிர உங்களிடம் ஒன்றும் இல்லை. ஊசி வேலை செய்தது என்பதை இதுவரை நீங்கள் மறுக்கவில்லை. அதை நான் குறித்துவைத்துக்கொள்கிறேன்.

ஆழியாறு மருந்தாளுநர்:
ஒப்புக்கொள்ளவும் இல்லை, அம்மணி. அதையும் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

பேரூர்ச் சித்தன்:
போகரைப் பற்றிச் சொன்னதை இன்னும் யாரும் திரும்பப் பெறவில்லை.

கொடிவேரியான்:
டப்பாவை யாரிடமும் காட்டப்போவதில்லை. என் மூக்கு நின்றிருக்கிறது, எனக்கு அது போதும். மைத்துனர் நேற்றே நாக்பூருக்குப் பாரம் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

ஆழியாறு மருந்தாளுநர்:
மாத்திரையையும் எடுத்துக்கொண்டா கிளம்பினார்? இப்போதே அவரைக் கூப்பிட்டுப் பேசுங்கள், அண்ணா.